பத்து மணிக்கு முந்தைய மெரின்

காலை பத்து மணிக்கு முன்பு தம் மனம் சொல்லும் எதையும் நம்புவதில்லை என்று மெரின் தமக்கென ஒரு விதி வகுத்து வைத்திருந்தார். அதை அவருக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. ஏழெட்டு மாதங்களாகப் பட்டுப் பட்டு அவரே கண்டடைந்தது. விடியற்காலை நான்கு மணிக்குக் கண் விழிக்கும்போதே நெஞ்சின் மேல் யாரோ ஈரச் சாக்கை மடித்து வைத்தாற்போல் இருக்கும். விரல்கள் சில்லிட்டுக் கிடக்கும். பெரிய தவறு ஒன்றைச் செய்துவிட்டாய், இன்று அது வெளிப்பட்டுவிடும் என்று மனம் அடித்துச் சொல்லும். என்ன தவறு என்று திருப்பிக் கேட்டால் மட்டும் பதில் இராது. பத்து மணி சுமாருக்கு அந்தச் சாக்கு மெல்லக் காய்ந்து இலேசாகும். நண்பகலில் பசிக்கும். மாலைக் கறவையின்போது வானொலியோடு சேர்ந்து பாடவும் வரும். மாலையில் பாட்டுப் பாடுகிற ஒருவர் தமக்கு நோய் என்று எந்த முகத்தோடு சொல்லிக்கொள்வது? ஆகவே மெரின் யாரிடமும் சொல்லவில்லை.

பத்து மணி வரை எதையும் நம்பாதிருக்கலாம். எதையும் செய்யாதிருக்க முடியாது. தெற்கு கிப்ஸ்லாந்தில் நூற்றுத் தொண்ணூறு ஜெர்சிப் பசுக்களை வைத்திருப்பவருக்குக் காலை என்பது தள்ளிப்போடக் கூடியதன்று. மெரின் அந்தக் காலையைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொண்டார். முதலில் இடது காலுறை. பிறகு வலது. பிறகு தண்ணீர்க் கெட்டில். பிறகு பின்வாசலில் நிற்கும் ரப்பர் பூட்ஸ். கொட்டகைக்குப் போவதைப் பற்றிக் கொட்டகையின் கதவைத் தொடும் வரை நினைக்கக் கூடாது. இந்த ஏற்பாடு பெரும்பாலும் பலித்தது என்றே சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம், மேலே வரிசையாக நிற்கும் பசுக்களுக்கு இயந்திரக் குவளைகளை மாட்ட ஆள் இறங்கி நிற்கும் கறவைப் பள்ளத்தில், கணவர் கெல்வினும் உடன் நிற்பார். அங்கே குளிர்காலமான ஜூலை மாதத் தொடக்கத்தில், ஈரப் புல்வெளிச் சரிவில், வேண்டாம் வேண்டாம் என்று மெரின் கத்திக்கொண்டிருக்கும்போதே நான்கு சக்கர மோட்டார் வண்டியை ஏற்றிக் கவிழ்த்துக் காறையெலும்பை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒற்றைக் கையால் கன்றுகளுக்குப் பால் காட்டுவது மட்டும் அவர் பொறுப்பு. கறவை முழுவதும் மெரின் தலையில் விழுந்தது. யாரும் அருகில் இல்லாத அந்த மூன்று மணி நேரத்தில் மனத்தின் குரல் இயந்திரத்தின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

அந்த ஆகஸ்டு மாதக் காலையிலும் கறவை முடிந்துவிட்டது. கடைசி வரிசைப் பசுக்கள் வெளியேறிப் பனி படர்ந்த பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மணி ஏழே முக்கால். மெரின் குழாயைப் பிடித்துத் தரையைக் கழுவிக்கொண்டே வந்து, சுவரில் இருந்த வெள்ளைப் பலகையின் முன் நின்றார்.

பலகையில் அவருடைய கையெழுத்தே இருந்தது. ‘41. மடிவீக்கம். மருந்து போட்டாயிற்று. தனி வாளி.’

எழுதியது நேற்று மாலை. வட்டமான, அவசரமில்லாத எழுத்துகள். நாற்பத்தொன்றாம் எண் பசுவின் மடியைத் தொட்டுப் பார்த்து, காம்புக்குள் மருந்தைச் செலுத்தி, பின்னங்காலில் சிவப்பு நாடாவைச் சுற்றி, இந்தப் பலகையிலும் எழுதிவிட்டு, ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தபடி வீட்டுக்குப் போன அந்தப் பெண்மணியை மெரினுக்கு நன்றாக நினைவிருந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர் எழுதி வைத்ததை இன்று காலை வந்த மெரின் படிக்கவில்லை.

அதன் பாலைத் தொட்டியில் விட்டுவிட்டாய் என்றது மனம்.

மருந்து போட்ட பசுவின் பால் தனி வாளியில் போகாமல் பொதுத் தொட்டியில் கலந்தால் அந்தத் தொட்டிப் பால் முழுவதும் வீண். அதை அறியாமல் டேங்கர் லாரி உறிஞ்சிக்கொண்டு போனால், அதே லாரியில் இருக்கும் மற்றப் பண்ணைகளின் பாலும் வீண். கறவைக்காரர் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும்.

மெரின் குழாயை அடைத்தார். தினமும் இதே நேரத்துக்கு, இதே குரலில், இப்படித்தானே இந்த மனம் குற்றம் சாட்டுகிறது? நேற்று முன்தினம் வாயிலைச் சாத்தாமல் வந்துவிட்டாய் என்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் சாத்தியிருந்தது. போன வாரம் அக்காள் உன்மேல் மனத்தாங்கலாக இருக்கிறாள் என்றது. அக்காளோ அன்று மாலையே தொலைபேசியில் அழைத்து ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசினாள். பத்து மணிக்கு முன் எதையும் நம்பாதே. மெரின் கண்களை மூடி அன்றைய வரிசைகளை நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். பள்ளத்தில் நின்று பார்த்தால் கண்ணெதிரே தெரிவதெல்லாம் கால்களும் மடிகளும்தான். அவற்றுக்கிடையே ஏதோ சிவப்பாகத் தெரிந்தது போலவும் இருந்தது. அதைக் கண்கள் பார்த்தன. அதற்கு என்ன பொருள் என்பது மட்டும் உள்ளே போய்ச் சேரவில்லை. அல்லது, அப்படி ஒரு நினைவை இப்போதுதான் மனம் தைத்துக் கொடுக்கிறதோ?

டேங்கர் வழக்கமாக ஒன்பது மணிக்கு வரும். ஒன்பது என்பது பத்துக்கு முன்பு. விதிப்படி பார்த்தால் மெரின் எதையும் நம்ப வேண்டியதில்லை. பேசாமல் வீட்டுக்குப் போய் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கலாம். நூற்றுத் தொண்ணூறில் ஒரே ஒரு பசு. சோதனையில் தெரியாமலும் போகலாம். இத்தனை மாதமாக அவரைக் காத்து வந்த விதி முதன்முறையாக அவருக்கு வசதியாகப் பேசியது. அதுவே அவருக்கு அச்சத்தைத் தந்தது.

அப்போதுதான் தனி வாளியைப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது.

அது பள்ளத்தின் கோடியில், தன் கொக்கியில், கவிழ்ந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. மெரின் அதை எடுத்து உள்ளே கையை விட்டுத் துழாவினார். உலர்ந்திருந்தது. வாளியின் வாய்க்கும் சுவருக்கும் நடுவே ஒரு சிலந்தி நூல் ஓடியிருந்தது. எடுத்தபோது அது மெரினின் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. இன்று அந்த வாளியை யாரும் தொடவில்லை.

ஆக, இது உண்மை.

அவர் வாளியைக் கையில் பிடித்தபடியே நின்றார். வாயில் விஷயத்திலோ அக்காள் விஷயத்திலோ தொட்டுப் பார்க்க இப்படி ஒன்று கிடைத்ததேயில்லை என்று அவருக்குத் தோன்றியது. அதற்கு மேல் யோசிக்க இடமில்லை. வெளியே சரளைக் கற்கள் நெரிபடும் ஓசையும், கனத்த வண்டி மூச்சு விட்டு நிற்கும் ஓசையும் கேட்டன. மணி எட்டுகூட ஆகவில்லை.

“என்னய்யா கெல்வின், றெக்கை இன்னும் ஒட்டலையா?”

டேங்கர் ஓட்டுநர் புளூவின் குரல். தலைமயிர் செக்கச் சிவந்திருந்த காரணத்தால் பள்ளிக்கூட நாளிலேயே அவருக்கு, அந்த ஊர்க் கேலி வழக்கப்படி நேர்மாறாக, புளூ, அதாவது நீலம், என்று பெயர் சூட்டிவிட்டார்கள். இப்போது தலையில் மயிரே இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

“ஒட்டுது, ஒட்டுது. நீ என்ன ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து நிக்கற? வீட்டம்மா வெரட்டி விட்டாங்களா?” என்றார் கெல்வின், கன்றுக் கொட்டிலின் பக்கமிருந்து.

“அவ எங்க வெரட்டறது, நான் கெளம்பறப்ப அவ எந்திரிக்கவே இல்ல. ஆத்துப் பாலம் முங்கிப் போச்சுய்யா. அந்தக் கரைப் பண்ணைங்களுக்கெல்லாம் மத்தியானம்தான். தோர்பர்ன் வீட்டுப் பாலை ஏத்திக்கிட்டு நேரா இங்க வந்துட்டேன்.”

பக்கத்துப் பண்ணைக்காரர் தோர்பர்னின் பால் முழுவதும் அந்த லாரியின் வயிற்றில் இருக்கிறது. மெரினின் காதில் எல்லாம் விழுந்தது; கால்கள் நகரவில்லை. கொட்டகையிலிருந்து தொட்டி அறைக்கு இருபது எட்டு இருக்கும். காலையில் யாரோடும் பேசுவதில்லை என்பதும் மெரினின் வழக்கங்களில் ஒன்றாகியிருந்தது. குரல் நடுங்கினால் கேட்பவர் திகைப்பார், திகைத்தால் இரக்கப்படுவார், இரக்கப்பட்டால் தாம் அழுதுவிடுவோம் என்று ஒவ்வொரு படியையும் அவர் முன்கூட்டியே நினைத்து அஞ்சியிருந்தார்.

இடது கால் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு வலது.

அவர் தொட்டி அறைக்கு வந்தபோது புளூ சோதனைக்காகக் கொஞ்சம் பாலை மொண்டு வைத்துவிட்டு, லாரியின் தடித்த குழாயைத் தோளில் போட்டு இழுத்து வந்துகொண்டிருந்தார். குழாயின் வாய் தொட்டியின் வாயை நெருங்கிவிட்டது.

“மாட்டாத,” என்றார் மெரின்.

குரல் மிகச் சிறியதாக வந்தது. குளிர்சாதனத்தின் உறுமலில் அது புளூவுக்குக் கேட்கவில்லை.

“புளூ! மாட்டாதங்கறேன்!”

இரண்டாவது, கூச்சலாகவே வந்துவிட்டது. புளூ குழாயோடு திரும்பினார். வாசலில் கெல்வின் கட்டுப்போட்ட கையோடு வந்து நின்றார்.

“என்னம்மா?”

“அந்தப் பாலை எடுக்காத. மருந்து போட்ட மாட்டுப் பால் தொட்டியில போயிருச்சு. நாப்பத்தொண்ணு. நான்தான் விட்டுட்டேன்.”

“நெசமாவா?” என்றார் கெல்வின். “நல்லாப் பாத்தியா, மெர்?”

“வாளி காஞ்சு கெடக்கு கெல்வின். நானே எழுதிப் போட்டேன், நானே நாடா கட்டினேன், நானே விட்டுட்டேன்.”

புளூ குழாயின் வாய்க்கு மூடியைப் போட்டுத் திருகினார். மொண்டு வைத்த பாலை வடிகாலில் ஊற்றினார். சட்டைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது என்று எழுதிய ஒரு சிவப்பு அட்டையை எடுத்துத் தொட்டியின் வாயில் கட்டினார். எல்லாவற்றையும் நிதானமாகச் செய்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“தாயே, நீ நல்லா இருப்ப. தோர்பர்ன் பால் மொத்தமும் என் முதுகுல இருக்கு. அதுவும் போயிருந்தா அந்த மனுசன் என்னை உரிச்சுத் தொங்க விட்டிருப்பான்.”

“மன்னிச்சிரு புளூ.”

“எதுக்கு? பதினோரு வருசமா இந்த ரோட்டுல ஓட்டறேன். இதைச் செய்யாத வீடு ஒண்ணு காட்டு பாப்போம். என்ன, வாயால சொன்னது நீ ஒருத்திதான். மத்தவங்களுக்கெல்லாம் ஃபாக்டரி சோதனைதான் சொல்லிச்சு.” அவர் ஃபாக்டரிக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்துக்கொண்டே மெரினை உற்றுப் பார்த்தார். “ஆமா, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? பால்தானம்மா. உடம்பு சரியில்லையா?”

‘நல்லாத்தான் இருக்கேன்’ என்னும் சொற்கள் மெரினின் நாவில் வந்து நின்றன. வாழ்நாள் முழுவதும் சொல்லிப் பழகிய சொற்கள், தாமாகவே வரும். ஆனால் ஒரு உண்மையைச் சொன்ன வாய் அதற்குள் மூடிக்கொள்ளவில்லை போலும்.

“காலைல நான் நல்லா இல்ல, புளூ.”

“இன்னிக்கா?”

“தெனமும்.”

புளூ கெல்வினைப் பார்த்தார். கெல்வின் மெரினைப் பார்த்தார். புளூ தொப்பியைக் கழற்றி, மயிரில்லாத தலையைத் தடவி, மறுபடியும் அணிந்துகொண்டார்.

“சரி,” என்றார். “சொன்னியே, அதுவே பெருசு. நானும் நாலு மணிலேர்ந்து வண்டியில ஒத்தையாத்தான் கெடக்கேன். இனிமே உங்க வாசல் வர்றப்ப ஹாரன் அடிக்கறேன். வெளிய வந்து என்னை நாலு திட்டு திட்டிட்டுப் போ.”

அவர் லாரியை ஓட்டிக்கொண்டு போனபின், கெல்வின் நல்ல கையால் தொட்டியின் அடைப்பைத் திறந்துவிட்டார். நேற்று மாலைப் பாலும் இன்று காலைப் பாலும் சேர்ந்து வெள்ளைக் கயிறாக வடிகாலில் இறங்கிச் சாணக் குளத்தை நோக்கி ஓடின. இருவரும் வாசற்படியில் அருகருகே உட்கார்ந்தார்கள். வேலியோர வாட்டில் மரம் பூத்திருந்தது. மேக்பைப் பறவை ஒன்று யாருடைய கவலையும் தெரியாமல் குரலெடுத்துப் பாடிக்கொண்டிருந்தது.

“எவ்வளவு நாளா?” என்றார் கெல்வின்.

“கிறிஸ்துமஸ் முடிஞ்சதுலேர்ந்து. நீ விழுந்தப்புறம் ரொம்ப.”

“எங்கிட்டச் சொல்லலியே, கண்ணு.”

“சாயங்காலம் சொல்லலாம்னு நெனப்பேன். சாயங்காலம் வந்தா சொல்றதுக்கு ஒண்ணுமே இருக்காது. நடிக்கறேனோன்னு எனக்கே தோணும்.”

கெல்வின் பூட்ஸின் நுனியால் சரளைக் கல் ஒன்றைப் புரட்டினார். “நான் என்ன நெனச்சேன் தெரியுமா? வண்டியக் கவுத்தேனே, அதுக்குக் கோவம்னு நெனச்சேன். நீ சொல்லச் சொல்லக் கேக்காமப் போனேன்ல? காலைல ஒரு வார்த்தை பேச மாட்டேங்கற, சாயங்காலம் சிரிக்கற. சரி, இவளுக்கு ராத்திரி முழுக்கக் கோவம் ஊறி, காலைல பொங்கி, பொழுது சாயத்தான் ஆறுது போலன்னு நெனச்சுக்கிட்டேன். அதான் கொட்டகைப் பக்கமே வராம, கண்ணுல படாம, கன்னுக்குட்டிங்களோடவே கெடந்தேன்.”

“ஏழு வாரமாவா?”

“ஏழு வாரமா. ஒவ்வொரு கன்னுக்குட்டிக்கும் என் வாழ்க்கை வரலாறே தெரியும் இப்ப.”

இது சிரிக்க வேண்டிய இடம் என்று மெரினுக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. அதற்குப் பதில் கண்ணீர் வந்தது. அவர் இத்தனை நாள் அஞ்சியிருந்த அந்தக் கடைசிப் படிக்கு வந்து சேர்ந்துவிட்டார். அங்கே வேறொன்றும் காத்திருக்கவில்லை. வாசற்படியும், ஓடும் பாலும், முதுகில் பதிந்த ஒரு கையும்தான் இருந்தன.

“டாக்டர்கிட்டப் போலாமா?”

“மே மாசமே போனேன். மத்தியானம் மூணு மணிக்கு நேரம் குடுத்தாங்க. அவரும் நானும் மழையப் பத்திப் பேசினோம். ரத்த அழுத்தம் பிரமாதம்னு சொல்லி அனுப்பிட்டார்.”

“உன் சாயங்காலத்தைப் பாத்துட்டு அனுப்பியிருக்கார் அந்த ஆளு,” என்றார் கெல்வின். தொலைபேசியை எடுத்துக் கட்டைவிரலால் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு மெரினின் மடியில் வைத்தார். “இப்பவே பேசு. இந்தக் குரல்லயே பேசு.”

மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண்மணி வியாழக்கிழமை இரண்டே முக்கால் மணி வசதிப்படுமா என்று கேட்டார்.

“வேண்டாம். காலைல வேணும்.”

“உங்களுக்குக் கறவை இருக்குமேம்மா? அதனாலதான் மத்தியானமாப் பாத்தேன்.”

“இருக்கு. இருந்தாலும்…” மெரினின் குரல் ஒடிந்தது. கெல்வின் குறுக்கே பேசாமல் தம் முழங்காலையே இறுகப் பற்றிக்கொண்டிருந்தார். “மத்தியானம் வந்தா நான் நல்லா இருப்பேன். காலைல நான் எப்படி இருக்கேனோ, அப்படியே டாக்டர் என்னைப் பாக்கணும்.”

மறுமுனையில் விசைப்பலகையின் ஓசை நின்றது.

“நாளன்னிக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க,” என்றார் அந்தப் பெண்மணி, வேறொரு குரலில். “நாங்க கதவு திறக்கறதே எட்டரைக்குத்தான். பின்பக்கமா வாங்க, நான் திறந்து விடறேன். குளிச்சு மாத்தி எல்லாம் நேரத்தை வீணாக்காதீங்க. பூட்ஸோட வந்தாலும் எங்களுக்குப் புதுசில்ல.”

மருத்துவரைப் பார்க்கும் நாளன்று கறவைக்குத் தோர்பர்னின் மகள் வருவதாக ஏற்பாடாயிற்று. கெல்வின் கேட்கப் போவதற்கு முன்பே, புளூ சொல்லிக் கேள்விப்பட்டுத் தோர்பர்ன் அழைத்துவிட்டார். மெரினுக்கு நன்றி சொல்லத் தொடங்கி, சொல்லத் தெரியாமல், கடைசியில் மகளை அனுப்புவதாகச் சொல்லி முடித்துக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு மெரின் கண் விழித்தபோது ஈரச் சாக்கு தன் இடத்தில்தான் இருந்தது. ஒரு நாளில் அது எங்கே போய்விடும்? விரல்கள் சில்லிட்டிருந்தன. ஆனால் படுக்கையின் மறுபக்கம் காலியாக இருந்தது. சமையலறையில் ஒற்றைக் கையால் கெட்டிலோடு மல்லுக்கு நிற்கும் ஓசையும், அதைத் தொடர்ந்து அச்சிட இயலாத ஒரு சொல்லும் கேட்டன.

கொட்டகைக்கு இருவரும் சேர்ந்து போனார்கள். கெல்வின் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ராஜசபையில் அமர்வதுபோல் அமர்ந்தார். அவரால் ஆகக்கூடிய வேலை ஒன்றே ஒன்று: ஒரு வரிசை முடிந்ததும் கயிற்றை இழுத்து வாயிலைத் திறந்து அடுத்த வரிசைப் பசுக்களை உள்ளே விடலாம். மற்ற நேரத்தில் அவர் பேசினார். கால்பந்து பேசினார். முனிசிபல் அலுவலகத்தைத் திட்டினார். பதில் சொல்ல வேண்டியதில்லை என்று முன்பே சொல்லியிருந்தார். வரிசைக்கு ஒரு முறை மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

“இப்ப?”

“மோசம்.”

“சரி,” என்று கயிற்றை இழுத்தார்.

அடுத்த வரிசை வந்து நின்றது. மெரின் மடிகளைத் துடைத்தார், குவளைகளை மாட்டினார், பால் பாய்ந்தது, குவளைகள் கழன்றன.

“இப்ப?”

“மோசம்.”

“சரி.”

ஐந்தாம் வரிசைக்கும் அதே பதில். ஆறாவதுக்கும் அதே. ஏழாவதின்போது மெரின் தலையை மட்டும் அசைத்தார். கெல்வின் அதற்கும் சரி என்றார். அவர் குரலில் ஏமாற்றமோ அவசரமோ இல்லை. வெளியே வானம் வெளுக்கத் தொடங்கி, பசுக்களின் மூச்சு ஆவியாகத் தெரிந்தது. ஒன்பதாம் வரிசையும் முடிந்தது.

“இப்ப?”

மெரின் கழுவும் குழாயைக் கையில் எடுத்தார். “கெல்வின், இன்னொரு தடவை ‘இப்ப’ன்னு கேட்டே, இந்தத் தண்ணிய உன் மேல திருப்பிருவேன்.”

கெல்வின் பெட்டியில் அமர்ந்தபடியே இதைப் பொறுப்போடு ஆராய்ந்தார்.

“இது மோசத்துல சேருமா, சேராதா?”

மெரின் யோசித்தார். உண்மையாகவே யோசிக்க வேண்டியிருந்தது.

“பாதி சேரும்,” என்றார்.

கெல்வின் தலையசைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தார். பத்தாவது வரிசைப் பசுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உள்ளே வந்தன.